கூடையில் குழந்தையுடன் பொகவந்தலாவைக்கு ஐந்தரை மைல்

"கார் வந்தா நாம ஏம்மா எறங்கணும்?" என்று என் மகள் வசந்தி கேட்டாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அவள் கேட்ட இடத்தையும், அங்கே நாங்கள் போய்ச் சேர்ந்த விதத்தையும் சொல்கிறேன்.

எங்கள் வீடு பொகவந்தலாவைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் இருக்கிறது. என் கணவர் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஆசிரியர். பள்ளிக்கூடமும் நாங்கள் குடியிருக்கும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டு வாசலிலிருந்து பஸ் போகும் பெரிய ரோட்டுக்கு இரண்டரை மைல், அத்தனையும் இறக்கம். அங்கிருந்து பொகவந்தலாவைக் கடைவீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மூன்று மைல். அந்த இரண்டரை மைல் பாதையும் தோட்டத்துடையதுதான். அதில் தோட்டத்தை நடத்தும் துரையின் கார் வந்தால் நடப்பவர் ஓரமாக நிற்க வேண்டும். குடை பிடித்தவர் மடக்க வேண்டும், தொப்பி போட்டவர் கழற்ற வேண்டும், சைக்கிளில் வருகிறவர் இறங்கி நிற்க வேண்டும். இது எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. இங்கே பிறந்தவர்களுக்கு நடை பழகும்போதே இதுவும் பழகிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய மழைக்காலத்தில் வசந்தியின் இடது காதில் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து காதைக் கழுவி மருந்து வைக்க வேண்டும், ஒரு முறையும் தவறக்கூடாது, தவறினால் அந்தக் காது கேட்காமலே போகலாம் என்று சொன்னார்கள். மருந்து வைப்பது காலை எட்டிலிருந்து பத்து மணி வரைதான். முதல் முறை அவளை இடுப்பில் சுமந்து நடந்தேன். கீழே போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. மீதி மூன்று மைலையும் நடந்து நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது கதவை மூடிக்கொண்டிருந்தார்கள். தாதி சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கதவை மறுபடி திறந்துவிட்டாள். அடுத்த முறையும் திறப்பாள் என்பது என்ன நிச்சயம்?

என் கணவரால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வர முடியாது. அன்று திரும்பி வரும் வழியில் கடைவீதியில் ஹமீது நானாவின் சைக்கிள் கடை வாசலில் நின்றேன். தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாள் விற்ற பெண்கள் சைக்கிள் ஒன்று அங்கே வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது, சங்கிலிக்கு மூடி உண்டு, சேலைக்குப் பயமில்லை. விலை அறுபத்தைந்து ரூபாய். ஹற்றனில் விடுதியில் தங்கிப் படித்தபோது எங்கள் ஆசிரியை ஒருவரின் சைக்கிளில் மைதானத்தைச் சுற்றியிருக்கிறேன். மைதானம் தட்டை. அதை நானாவிடம் சொல்லவில்லை.

"தங்கச்சி, இது ஏத்தத்துக்கு ஒதவாது. எறக்கத்துக்குத்தான் ஆபத்து" என்றார் நானா.

"அப்ப எதுக்கு நானா ஒதவும்?"

"இத்தன நாளும் கடைக்கு அழகா ஈந்திச்சு" என்று சொல்லிவிட்டு, ஏணி போட்டு இறக்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை, காலை ஏழேகால். பனி இன்னும் மேலேறவில்லை. கொழுந்து பறிக்கும் மாரியாயி தன் பழைய கூடையைக் கொடுத்திருந்தாள். அடியில் சாக்கு மடித்துப் போட்டு, அதைப் பின்சீட்டில் வைத்துக் கட்டி, வசந்தியை உள்ளே நிறுத்தினோம். மாரியாயி அதோடு விடவில்லை. கூடை என்றால் அதன் கயிறு தலைக்குத்தான் போக வேண்டும் என்பது அவள் கைக்குப் பழக்கம். தலையில் மாட்டினால் எனக்கு வழி தெரியாது என்றதும், கயிற்றை என் தோள்களைச் சுற்றிக் கொண்டுவந்து மார்பில் முடிந்தாள். "இப்ப புள்ள ஒங்க முதுகுல இருக்கிற மாதிரிதாங்க" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. குழந்தை என் உடம்போடு கட்டப்பட்டிருக்கிறாள் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

என் கணவர் பள்ளிக்கூடப் படியில் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அடிக்க மறந்து நின்றார். போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. அவர் "பிரேக்கை விட்டு விட்டுப் பிடி" என்று மட்டும் சொன்னார்.

கோயிலைத் தாண்டியதும் மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏய், மாஸ்டரம்மா ரயிலு வருதுடி. கேட்டைப் போடுங்கடி."

"கூடையில எத்தன ராத்தலுங்க?"

"முப்பது இருக்கும். கொழுந்துல தண்ணின்னு நிறுக்குறப்போ அஞ்சு ராத்தல கணக்கப்புள்ள கழிச்சுருவாரு."

வசந்தி அவர்களுக்குக் கை ஆட்டினாள். கூடை ஆடியது, நானும் ஆடினேன். பிரேக்கின் ரப்பர் சூடேறிக் கருகும் வாசனை வந்தது. சரளைக்கல் பாதையில் சைக்கிளின் வேகம் நம்முடையதல்ல, மலையுடையது என்பதை முதல் அரை மைலிலேயே தெரிந்துகொண்டேன்.

ஒன்றேகால் மைலில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் மண்மேடு, இன்னொரு பக்கம் தேயிலைச் சரிவு. அங்கே துரையின் கறுப்புக் கார் எதிரே வந்தது. காலையில் மலையில் நடக்கும் வேலையைப் பார்க்க அவர் கிளம்பும் நேரம் அது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது, கால் தானாக இறங்கியது. நான் இடப்பக்கம் இறங்க, என் தோளில் கட்டிய கயிறு கூடையையும் இடப்பக்கம் இழுத்தது. கூடை சைக்கிளைச் சாய்த்தது. நானும் கூடையும் சைக்கிளுமாகத் தேயிலைக்குள் விழுந்தோம்.

கார் அதற்குள் வளைவைத் தாண்டியிருந்தது. துரை பார்த்திருக்க நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

கவ்வாத்து வெட்டிக் கூர்க்குச்சியாக நிற்கும் செடியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதில்லை. தளிர் விட்ட செடிகள் வசந்தியைத் தாங்கிக்கொண்டன. காதிலிருந்த பஞ்சு மட்டும் விழுந்துவிட்டது. மேலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்து எங்களைத் தூக்கினார்கள். அழுது முடித்துவிட்டு, மூக்கைத் துடைக்க விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வசந்தி கேட்ட கேள்விதான் மேலே எழுதியது. "பெரியவங்க வந்தா அப்படித்தான்" என்றேன். "நீ பெரியவதானே?" என்றாள். நான் கயிற்றை அவிழ்ப்பதில் கவனமாக இருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் வீடு மேலே இருந்தது, ஆஸ்பத்திரி கீழே இருந்தது, மணி எட்டாகிக்கொண்டிருந்தது. தோள்கயிற்றைப் பல்லால் கடித்துப் பிரித்து, கூடையைச் சீட்டுக் கம்பியோடு மட்டும் இறுக்கிக் கட்டினேன். எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். தாதி வசந்தியின் தலைமயிரிலிருந்து ஒரு தேயிலை இலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பபா நல்லம்" என்று, குழந்தை என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, தமிழில் சொன்னாள்.

திரும்பும் வழியில் பெரிய ரோட்டு மூன்று மைலும் ஓட்டம், தோட்டப் பாதை இரண்டரை மைலும் தள்ளல். மலைநாட்டில் சைக்கிள் வைத்திருப்பது என்றால் அதுதான்.

புதன்கிழமை. செவ்வாய் முழுவதும் யோசித்தேன். குழந்தை கூடையில் இருக்கும்போது இறக்கத்தில் நான் இறங்கினால், ஒரு கையால் சைக்கிளையும் ஒரு கையால் கூடையையும் பிடிக்க என் பலம் போதாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூடையில் ஒரு சாக்கு உருளைக்கிழங்கை வைத்து நாலு முறை இறங்கிப் பார்த்தேன். இரண்டு முறை கிழங்கு உருண்டது. அப்படியானால் இறங்கக்கூடாது. இறங்காவிட்டால் என் கணவரின் வேலைக்கு என்ன ஆகும், வீட்டுக்கு என்ன ஆகும் என்பதையும் யோசித்தேன். அதற்குக் கிழங்கு வைத்துப் பார்க்க வழியில்லை.

அதே வளைவு, அதே கார். மணியை ஒரு முறை அடித்தேன். தேயிலைச் சரிவோரமாக ஒதுங்கி, இறங்காமல், கைப்பிடியிலிருந்து கண்ணை எடுக்காமல் போனேன். கார் என் வலப்பக்கம் கடந்து போன சத்தத்தைக் கேட்டேன். துரையின் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே மலையில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது.

மாலை ஐந்து மணிக்குக் கண்டாக்கையா எங்கள் வீட்டுக்கு வந்தார். துரைக்கு அடுத்தபடியாக மலையில் வேலை பார்க்கும் உத்தியோகத்தர் அவர். காக்கிக் கால்சட்டையும் முழங்கால் வரை மேஜோடும் போட்டு, எப்போதும் வெள்ளைத் தொப்பி வைத்திருப்பார். தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"என்னங்க மாஸ்டர், இன்னிக்குக் காலையில தொரை வாரப்போ அம்மா எறங்கலயாமே. மலையில நூறு பேரு பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. நாளைக்கு எவனாவது நானும் எறங்க மாட்டேன்னு சொன்னா நான் என்னத்தச் சொல்றது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் ஏதும் சொல்வதற்கு முன் நான் பேசிவிட்டேன்.

"எறங்குறேங்க. எறங்க மாட்டேன்னு சொல்லல. எறங்குனா புள்ள விழுந்துடும். எறங்குற எடத்துல சைக்கிளப் புடிக்க ஒரு ஆள நிறுத்துங்க, கட்டாயம் எறங்குறேன்."

"அதுக்குன்னு ஒரு ஆளுக்குப் பேரு போட்டு நாள்சம்பளம் குடுக்க முடியுமாங்க?"

"அப்ப நீங்களே வாங்களேன், கண்டாக்கையா."

நான் ஏளனமாகச் சொல்லவில்லை. வேறு வழி தோன்றவில்லை. அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் காலிக் கோப்பைக்குள் பார்த்தார். "சரி, வெள்ளிக்கெழம பாப்போம்" என்று கண்டாக்கையா எழுந்து போனார்.

அவர் போனதும், "நான் பேசினது தப்பாங்க?" என்று கேட்டேன். "தப்பா சரியான்னு தெரியல. கிழங்கு உருண்டதை நான் வகுப்பிலேருந்து பார்த்தேன்" என்றார் என் கணவர்.

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை. வளைவில் கண்டாக்கையா நின்றுகொண்டிருந்தார். சொன்னபடி வந்துவிட்டார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். காரின் சத்தம் கேட்டதும் நான் பிரேக் பிடித்து மெல்ல நிறுத்தினேன். அவர் ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் கூடையையும் பிடித்துக்கொண்டார். நான் இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றேன். எல்லாம் முறைப்படி நடந்தது.

கார் வளைவில் தெரிந்தபோதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. அவர் தலையில் தொப்பி இருந்தது.

ஒரு கையை எடுத்துப் பார்த்தார். கூடை சாய்ந்தது, வசந்தி "அம்மா" என்றாள். உடனே கை திரும்பி வந்துவிட்டது.

"மாஸ்டரம்மா, என் தொப்பிய எடுங்க" என்றார் அடிக்குரலில்.

"எனக்கும் ரெண்டு கையும் இங்கதாங்க இருக்கு."

அது உண்மைதான். கை சும்மா இருந்தாலும் பிற ஆடவர் தலையில் கை வைத்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். இதற்குள் மேலேயிருந்து மாரியாயியின் குரல் கேட்டது.

"கூடைய நல்லாப் புடிங்கய்யா. கொழுந்து கொட்டிறப் போவுது."

கார் மெதுவாக வந்தது. துரை கூடையைப் பார்த்தார், கூடைக்குள் காதில் பஞ்சு வைத்த குழந்தையைப் பார்த்தார், பிறகு கண்டாக்கையாவின் தொப்பியைப் பார்த்தார். அதில்தான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கார் போய்விட்டது.

கண்டாக்கையாவின் கழுத்தில் வியர்வை. நான் ஏறி உட்காரும் வரை கூடையை விடவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி, கார் போய்விட்ட பாதையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கெழம நீங்க எறங்க வேணாம். ஓரமாப் போயிருங்க."

"தொரை கேட்டா?"

"அது நிக்காத சைக்கிளுன்னு சொல்லிக்கிறேன்."

அதற்குப் பிறகு இரண்டு வாரம், மழையிலும் பனியிலும், ஒரு நாளும் தவறவில்லை. இறங்கவும் இல்லை. வீட்டுக்கு யாரும் கேட்டு வரவில்லை. கடைசி நாள் மருந்து வைத்து வந்த மாலையில், என் கணவர் வசந்தியின் இடது பக்கம் உட்கார்ந்து, அவளது வலது காதைப் பொத்திக்கொண்டு, "சீனி வேணுமா?" என்று மிக மெதுவாகக் கேட்டார். அவள் கை நீட்டினாள்.

இப்போது கூப்பன் அரிசி, மண்ணெண்ணெய், தபால் எல்லாம் அந்தச் சைக்கிளில்தான் வருகின்றன. வசந்திக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. கூடையில் இப்போது அவள் தம்பி இருக்கிறான், அவள் பக்கத்தில் ஓடி வருகிறாள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தட்டை நிலத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துச் சைக்கிள் ஓட்டும் தாய்மார் இருந்தால், இரண்டாவது பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

ஆனால் நான் உண்மையில் கேட்க வந்தது அதுவல்ல. போன வாரம் வசந்தி தானும் சைக்கிள் பழக வேண்டும் என்றாள். அவள் ஓட்டும்போது பின்னால் கூடை இருக்காது. கூடை இல்லாத சைக்கிள் நிற்கும், இறங்கினால் விழாது. அந்த வளைவில் கார் வரும்போது அவளுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது? இறங்கு என்றா, இறங்காதே என்றா? அவள் அப்பாவின் வேலையும் நாங்கள் குடியிருக்கும் கூரையும் அந்தத் தோட்டத்தில் இருக்கின்றன. பிள்ளை வளர்க்கும் வாசகர்கள் யோசித்து எழுதுங்கள். வரும் தைமாத விடுமுறையில் அவளுக்குப் பழக்கத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.