ஜெயரூபி எழுதிய ஏழாம் விதி

சல்லி என்ற ஊரின் கடற்கரையில் மீனவர் சங்கச் செயலாளர் ஜெயரூபியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் கிடையாது. வயது முப்பத்தொன்பது. "இன்னும் கலியாணம் கட்டேல்லையோ?" என்று கேட்டால், "நேரமில்லை, கூட்டம் இருக்கு" என்பாள்.

முந்திய செயலாளர் சங்கத்து ஐஸ் அறையைத் தன் மைத்துனருக்கே தூக்கிக் கொடுத்து, கரையெல்லாம் மீன் நாறிய பிறகு, சங்கச் சபைக்கு ஒழுக்க விதிக்கோவை எழுதியது இவள்தான். ஏழாம் விதி: விண்ணப்பிப்பவர் உறவினரோ மனதுக்கு வேண்டியவரோ என்றால், சபை உறுப்பினர் எழுந்து அதைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். மனைவியின் தங்கை விண்ணப்பித்த குற்றத்துக்காகச் சபை உறுப்பினர் தங்கரத்தினத்தாரைக் கொட்டும் மழையில் வெளியே அனுப்பியவளும் இவளே.

தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுட்டது. சங்கத்தின் எஞ்சின் திருத்தும் கொட்டிலை வாடகைக்குக் கேட்டு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று இராசநாயகத்தினுடையது. கையெல்லாம் கிறீஸ் அப்பிய அந்த மனிதர் சிரித்தால், ஜெயரூபி கூட்டக் குறிப்பில் ஒரே வரியை இரண்டு தரம் எழுதிவிடுவாள். அது அவருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. சொல்லி, அவர் மாட்டேன் என்றால் இந்தக் கரையில் எந்த முகத்தோடு நடப்பது? சொல்லாவிட்டால் விதிக்கோவை வெறும் காகிதம். தங்கரத்தினத்தார் நனைந்ததும் வீண்.

கூட்டத்தில் இராசநாயகமும் இருக்க, தலைவர் சிவக்கொழுந்து அம்மா அவருடைய விண்ணப்பத்தை வாசித்து முடித்தார். ஜெயரூபி எழுந்தாள். பாழாய்ப்போன சிரிப்பு வந்தது.

"ஏழாம் விதிப்படி சொல்லுறன். இராசநாயகம் எனக்கு மனசுக்கு வேண்டியவர். அவருக்கே இது இப்பதான் தெரியும். நான் வெளியிலை போறன்."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போய் வலைக் குவியலுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே தங்கரத்தினத்தாரின் சிரிப்பு வெடித்தது. மழைக்குப் பழி தீர்த்த சிரிப்பு! அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

கையை எடுத்தபோது, அவளுடைய செருப்புச் சோடியோடு இராசநாயகம் முன்னால் நின்றார்.

"விண்ணப்பதாரர் உள்ளுக்கு இருக்கலாமே. நீங்கள் ஏன் வந்தனீங்கள்?" செயலாளர் குரல் அப்போதும் போகவில்லை.

"தலைவர் அம்மா எட்டாம் விதியை வாசிச்சவா," என்றார் அவர்.

அதையும் எழுதியது அவள்தான். மறந்தே போனாள்.

"விண்ணப்பிக்கிறவருக்குச் சபையிலை ஆரும் வேண்டியவை இருந்தா, அவரும் எழும்பிச் சொல்லிப்போட்டு வெளியிலை போகவேணுமாம்." அவர் குனிந்து செருப்பை அவள் காலடியில் வைத்தார். "நானும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."