தீக்கல்லுக்குப் பின்னால் வைத்த அட்டை

தெற்கு லண்டனின் சட்டன் பகுதியில் நான் வாங்கிய வீட்டின் முன்னறையில் ஒரு கணப்பு இருந்தது. முன்பு அங்கே குடியிருந்தவர்கள் அதை ஒரு பலகையால் அடைத்து, சுவரோடு சேர்த்து வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். 1986 நவம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை அந்தப் பலகையைக் கழற்றினேன். உள்ளே ஒரு சாக்கு நிறையப் புகைக்கரி. காய்ந்த சுள்ளிகள். ஒரு சாம்பல்நிற இறகு. அன்று மாலையே கொழும்பிலிருந்த மனைவிக்கு எழுதினேன்: இந்த வீட்டில் நெருப்பு எரிப்பதற்கென்றே சுவருக்குள் ஓர் இடம் இருக்கிறது.

எங்களுக்குத் திருமணமாகி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாட்கள். லீவு முடிந்து நான் லண்டனுக்குத் திரும்பிவிட்டேன். அவள் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டு அறையொன்றில் விசாவுக்காகக் காத்திருந்தாள்.

பதில் பத்தொன்பதாம் நாள் வந்தது. "குசினியில இல்லாமல், ஆக்கள் இருக்கிற அறையில நெருப்பு எரியிறதை நான் பார்த்ததே இல்லை. நான் வந்துதான் முதல் மூட்டவேணும். அதுவரைக்கும் மூட்டமாட்டன் எண்டு சத்தியம் பண்ணி எழுதுங்கோ." நான் சத்தியம் பண்ணி எழுதினேன். எழுதிய திகதி நாட்குறிப்பில் இருக்கிறது.

மேல் அறையை வாடகைக்கு எடுத்திருந்த அண்ணை ஒருவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துவந்தார். அவருக்கு இது பெரிய வேடிக்கை.

"விசா வர ரெண்டு வருசம் செல்லும், தம்பி. அதுமட்டும் விறைச்சுக் கிடக்கப்போறியோ?"

"முன்னறை மட்டும்தானே அண்ணை. மற்ற அறையில காஸ் ஹீட்டர் இருக்கு."

"ஓம் ஓம். ஹீட்டருக்குக் கிட்ட இருந்துகொண்டு ஃபயர்பிளேஸை எட்டிப் பார்."

ஜனவரியில் சிம்னி துப்புரவு செய்பவர் ஒருவரை வரவழைத்தேன். ஒன்றோடொன்று முடுக்கிக்கொள்ளும் தடிகளில் ஒரு வட்டத் தூரிகையைப் பூட்டி மேலே தள்ளிக்கொண்டே போனார். பிறகு, வெளியே போய்க் கூரையைப் பார் என்றார். தெருவில் நின்று பார்த்தேன். சிம்னியின் உச்சியிலிருந்த சுடுமண் குழாய்க்கு மேலே தூரிகை தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வழி திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஆனால் நெருப்புக்குப் பின்னால் இருக்கும் தீக்கல் மூன்று துண்டாக வெடித்திருந்தது. அதை மாற்றாமல் எரிக்கக் கூடாது என்றார்.

நானே மாற்ற நினைத்தேன். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து, தவணையை நாலு முறை நீட்டி, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். தீக்கல் இரண்டு பாதிகளாக வருகிறது. கீழ்ப்பாதியை நிறுத்தி, அதன் முதுகில் நெளிநெளியான காகித அட்டையை ஒட்டினாற்போல் வைத்து, அதற்குப் பின்னால்தான் சாந்து நிரப்பவேண்டும். முதல் சில நெருப்புகளின் சூட்டில் அந்த அட்டை கருகிப்போய்விடும். அது இருந்த மெல்லிய இடைவெளியில் கல் சூடேறி விரியும். இடைவெளி இல்லாவிட்டால் கல் வெடிக்கும். ஒரு நாள் எரிந்து இல்லாமற்போக வேண்டும் என்பதற்காகவே ஒன்றைப் பார்த்துப் பார்த்து வைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பெப்ரவரியில் அவளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, கொழும்பு வெக்கையில் இருந்து பின்னிய ஒரு சோடி கம்பளிக் கையுறை. பெட்டியின் ஒரு பக்கத்தில் என் பெயரும் விலாசமும் அவளுடைய சரிந்த எழுத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தைத்தான் வெட்டினேன். எழுத்து கல்லைப் பார்க்கும்படி வைத்துச் சாந்து போட்டேன். வீட்டில் வேறு அட்டை இல்லாமலில்லை.

ஏப்ரலில் துப்புரவுக்காரர் வேலையைப் பார்க்க வந்தார். தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். இனி நாளுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன நெருப்பு மூட்டி, தீக்கல்லின் மூட்டுகளில் பூசிய சீமெந்தை மெல்ல உலர்த்த வேண்டுமாம். என்னால் முடியாது என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். அவர் தன் கரிபடிந்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தியம் உனக்கும் உன் மனைவிக்கும் இடையில்தான். சீமெந்துக்கு அது தெரியாது."

ஆனாலும் நான் மூட்டவில்லை.

அவளுடைய விசா நேர்முகம் ஒரு தடவை தள்ளிப்போனது. பிறகு இன்னொரு தடவை. ஒக்டோபரில் தென் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட அந்தப் பெரும் புயல் வந்தது. விடிந்து எழுந்தபோது தெருவில் மரங்கள் விழுந்து கிடந்தன, ரயில் ஓடவில்லை, எங்கள் சிம்னியின் சுடுமண் குழாய் பின்தோட்டத்தில் இரண்டாகக் கிடந்தது. புதுக் குழாய் வைத்தபின், துப்புரவுக்காரர் புகை சரியாக ஏறுகிறதா என்று சோதிக்க ஒரு வில்லையைக் கொண்டுவந்தார். கொளுத்திவைத்தால் வெள்ளைப் புகையை மட்டும் விடுகிற வில்லை. இது முதல் நெருப்பாகக் கணக்கில் வருமா என்ற சந்தேகம் எனக்கு. அண்ணை படியில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"அது எரியேல்லைத்தானே, புகையுது. அவவுக்கு எழுதத் தேவையில்லை."

நான் எழுதினேன். அடுத்த கடிதத்தின் ஓரத்தில் அவள் குறித்திருந்தாள்: "புகைக்கு அனுமதி தந்திருக்கிறன்."

அந்த மாரி முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் மேலங்கியோடு இருந்தேன். கணப்பில் பழைய பேப்பர், சுள்ளி, அதற்கு மேல் புகையில்லா நிலக்கரி எல்லாம் அடுக்கித் தயாராக இருந்தன. பேப்பர் ஈரம் பிடிப்பதால் மாதம் ஒருமுறை மாற்றுவேன். கையில் நாட்குறிப்பு, அதில் அந்த நாற்பத்தொரு பக்கங்கள். எந்த நாள் மழை, எந்த நாள் யார் வீட்டில் விருந்து, எத்தனை மணிக்கு எந்த பஸ், எல்லாம் இருந்தன. அவள் எதற்குச் சிரிப்பாள் என்பது எங்கும் இல்லை. சிரிப்பின் சத்தம் எப்படி என்றும் இல்லை. கடிதங்களை எத்தனை முறை வாசித்தாலும் என் மனதில் கேட்டது என்னுடைய குரல்தான். குளிர் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எழுதாமல் விட்டதுதான் உறைத்தது.

1988 யூலை மாதத்து மூன்றாம் ஞாயிறு அவள் வந்து இறங்கினாள். அன்று நல்ல வெயில். யன்னல்களையெல்லாம் திறந்துவைத்தும் வேர்த்தது. அவள் முகம் கழுவி, சாமிப்படத்தைக் கும்பிட்டுவிட்டு நேரே முன்னறைக்கு வந்தாள்.

"இந்த வெயிலிலயோ?" என்றார் அண்ணை. "ரெண்டு மார்கழி பொறுத்த பெடியன், இன்னுமொரு மார்கழி மட்டும் பொறுக்கமாட்டானோ?"

"அவர் பொறுப்பார் அண்ணை. எனக்கு ஏலாது," என்றாள்.

தீக்குச்சி கிழித்து வைத்தாள். புகை மேலே போகாமல் நேரே எங்கள் முகத்துக்கு வந்தது. வெளியே சூடாகவும் சிம்னிக்குள்ளே குளிராகவும் இருந்தால் காற்று கீழே இறங்கும் என்று புத்தகத்திலிருந்து குறித்து வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, சிம்னியின் தொண்டைக்குள் பிடித்துச் சூடாக்க வேண்டும். நான் சுருட்டினேன்.

"விடுங்கோ, நான் பிடிக்கிறன்."

"கை சுடும்."

"சுடட்டும். முதல் நெருப்பெல்லோ."

முழங்கால் போட்டு இருந்து கையை உள்ளே நீட்டிப் பிடித்தாள். வளையல்களில் கரி படிந்தது. இரண்டாவது சுருளில் சிம்னி ஒரு பெருமூச்சு விட்டாற்போல் புகையை இழுத்துக்கொண்டது. அண்ணை ஒரு பேப்பரால் விசிறிக்கொண்டே இருமினார். சுள்ளி பிடித்தது, கரி மெல்லச் சிவந்தது. மெதுவாக எரிக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் இரண்டு அள்ளு கரி போட்டுவிட்டாள்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வேறொரு மணம் வந்தது.

"இஞ்சேருங்கோ, கடதாசி எரியிற மணம் வருகுது."

"உம்மட பெட்டி," என்றேன். அட்டையின் கதையைச் சொன்னேன்.

அவள் தீக்கல்லை நோக்கிக் குனிந்தாள். "என்ர கையெழுத்து இருந்த பக்கமோ?"

"ஓம்."

"அப்ப அதை எரிச்சுப்போட்டியள்."

"நான் எரிக்கேல்லை. நீர்தானே மூட்டினனீர்."

அவள் சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கி, பிறகு மூக்கால் ஒரு சின்ன ஒலி, அதற்குப் பிறகுதான் வாய் திறந்து. அதே நேரம் கல்லில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மேலிருந்து கீழாகத் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. அன்றைய பக்கத்தில் வெடிப்பின் நீளத்தை எழுதவில்லை. சிரிப்பை அந்த ஒழுங்கிலேயே எழுதினேன்.

துப்புரவுக்காரர் பிறகு வந்து பார்த்து, இது தாங்கும், விடு என்றார். ஒவ்வொரு வருடமும் அப்படியே சொன்னார்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. அவள் வந்ததோடு கடிதங்கள் நின்றுவிட்டன. பக்கத்தில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம்? ஆனால் தபால்காரன் வருகிற நேரத்தில் என் காது வெகுகாலம் கதவிலேயே இருந்தது.

1996 ஜனவரியில் தாய்க்குச் சுகமில்லையென்று அவள் கொழும்புக்குப் போனாள். போய்ப் பதினாறாம் நாள் ஒரு கடிதம் வந்தது. ஏழரை வருடத்தில் முதலாவது. அதே சரிந்த எழுத்து. வாசித்தபோது இந்த முறை கேட்டது அவளுடைய குரல். தாயின் நிலை, மருந்து, யார் யார் வந்து போனார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில்: "அங்க குளிர் கூடவாம். ஃபயர்பிளேஸை மூட்டுங்கோ. நான் வருமட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்."

அதை முன்னறையில், மேலங்கியைக் கழற்றாமல், அவள் போன நாள் முதல் மூட்டாமல் அடுக்கிவைத்த கரிக்கு முன்னால் இருந்து இரண்டு முறை வாசித்தேன். தீப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.