சாமி தலைக்குக் கீழே ஐந்து மாடி

சென்னையில் இருந்த காலமெல்லாம் வேலுத்தாய் ஒரே ஒரு படிக்கட்டைத்தான் வரைந்தாள். எட்டு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றின் படிக்கட்டு. ராமபத்ரன் என்ற கட்டிடக் கலைஞரிடம் வேலை பார்த்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். முகப்பையும் தூண்களையும் ஆண்கள் வரைந்தார்கள். அவளுக்குக் கொடுத்தது படிக்கட்டு. அதற்காக அவள் வருத்தப்படவில்லை. கால் தூக்குகிற உயரம், பாதம் பதிகிற அகலம், மூச்சு வாங்கினால் நிற்க ஒரு மேடை, அந்த மேடையில் கடலைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். பென்சிலைப் பிடித்துக்கொண்டே அந்தப் படிகளில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறாள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுகூட உண்டு, மனதுக்குள்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே சொந்த ஊரான ராசிங்காபுரத்தில் அப்பா இறந்துபோனார். அம்மாவுக்கும் நிலத்துக்கும் வேறு ஆளில்லை. 1953இல் ஊர் திரும்பியவளுக்கு அடுத்த தை மாதமே அத்தை மகன் காசிமாயனோடு கல்யாணம் நடந்தது.

காசிமாயன் நல்ல மனிதன். போடிக்கு மேலே மலைச்சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருந்தான். வேலுத்தாய் பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் மாடி மேல் மாடியாகப் போட்டுக்கொண்டிருப்பதை எட்டிப் பார்ப்பான்.

"ஏத்தா, இம்புட்டு ஒசரத்துல குடியிருக்கவன் தண்ணிக்கு எங்கிட்டுப் போவான்?"

"குழாயில மேல ஏத்துவாக, மாமா."

"அப்ப நம்ம தோட்டத்துக்கும் ஏத்தச் சொல்லு. ஓடையில எறங்கி ஏறி என் முட்டி தேஞ்சுபோச்சு."

கேலி பண்ணுவானே தவிர, அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட அடுப்புக்குப் போக விட்டதில்லை.

1956 ஆடி மழையில் தோட்டத்து ஸ்டோர் சரிந்து விழுந்தது. பறித்த ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு மூட்டி, குழாயில் ஓடும் சூட்டில் நிறம் போகாமல் உலர்த்துகிற கட்டிடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். புதிதாகக் கட்டியே ஆக வேண்டும். "நான் வரையறேன்" என்றாள் வேலுத்தாய். வரைந்தது ஐந்து மாடி. சூடு மேலே ஏறும் பொருள், அதற்கு ஏற்றபடி கட்டிடமும் ஏறட்டுமே என்பது அவள் கணக்கு. கணக்குக்கு அடியில் ஆசை இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

சாலையோரத்தில் ஜீப்பு நிற்கிற சமதரை ஒன்றுதான் கட்டத் தோதான இடம். அங்கே கருப்பசாமி இருந்தார். நெஞ்சுயரக் கல். காய் பறிப்புத் தொடங்கும்போது அவருக்குப் பொங்கல் வைக்காமல் யாரும் செடியைத் தொடுவதில்லை. பறிக்கிற பெண்களுக்குத் தலைவி ஒச்சம்மாள் தாளை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, தாயி. ஆனா சாமி தலைக்கு மேல கூரை ஏறக்கூடாது. ஏறுனா ஒரு பொம்பள காய்ல கை வைக்க மாட்டா. நானும்தான்."

"சாமி என் நெஞ்சு மட்டத்துக்குத்தான இருக்காரு, மதினி? அதுக்குக் கீழ எப்படி மாடி கட்டுறது?"

"அது ஒன் பாடு. பட்டணத்துல படிச்சவ நீதான."

காசிமாயன் சிரித்தான். வேலுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. சமதரையின் விளிம்பு வரை போய் நின்றாள். அதற்கு அப்பால் தரை இல்லை. சரிவு கிடுகிடுவென்று இறங்கி, ஏலச்செடிகளுக்குள் போய் மறைந்தது. அந்த விளிம்பில் நின்றபடியே தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.

சாலை மட்டத்தில் கூரை. அதற்குக் கீழே சரிவில் முதுகைச் சாய்த்து ஐந்து மாடித் தட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அடுப்பறை. பெண்கள் பச்சைக்காயைக் கீழ்த்தட்டில் கொண்டுவந்து போட்டால் போதும். காய் உலர உலரத் தட்டுத் தட்டாக மேலேறி, கடைசியில் சாலையில் ஜீப்புக்கு லோடாக வந்து சேரும். கருங்கல் தூண்கள், தேக்குத் தளம், மேலே மட்டும் சிமெண்டுக் கூரை. அந்தக் கூரையில் நின்றால் சாமியின் தலை நம் நெஞ்சுக்கு நேராக இருக்கும். கட்டி முடித்த அன்று ஒச்சம்மாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள்.

குற்றமே இல்லாத கட்டிடம் என்று சொல்ல முடியாது. மூன்றாம் தட்டில் ஈரப்புகை தங்கியது. ஜன்னலை இன்னும் ஒரு சாண் அகலமாக வைத்திருக்க வேண்டும். வேலுத்தாய்க்கு அது தெரியும். ஆனாலும் அந்தச் சரிவுக்கு அதைவிடப் பொருத்தமான கட்டிடம் இருந்திருக்காது. அவளை வருத்தியது வேறு. சாலையில் வருகிறவர்களுக்கு அது வெறும் தரை. அதன் மேல் துணி காயப்போட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், கோழி மேய்ந்தது. உயரம் என்பது கட்டிடத்தில் இருக்கிறதா, பார்க்கிறவன் நிற்கிற இடத்தில் இருக்கிறதா? அவள் அதை யோசித்து முடித்ததே இல்லை. போடிக்கு இறங்கும் சாலையில் ஒரு கொண்டையூசி வளைவு உண்டு. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் மட்டும் ஐந்து மாடியும் முழுசாக நிற்கும். அந்த வளைவு வரும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள்.

1958 மாசியில் ராமபத்ரன் மதுரைக்கு வந்தார். அங்கே ஒரு கிளை திறக்கப்போவதாகவும் நல்ல கை ஒன்று தேடுவதாகவும் கேள்விப்பட்டு, வேலுத்தாய் அவரைத் தோட்டத்துக்கு அழைத்தாள். "மதுரைதான? ரயிலு இருக்குல்ல, போய்ட்டு வா. அங்கன மாடி கட்டு, நான் வந்து அண்ணாந்து பாக்குறேன்" என்றான் காசிமாயன். ஜீப்பு ஓட்டுகிற பால்சாமி போடியிலிருந்து அவரைக் கூட்டிவந்தான்.

வழி நெடுக மூடுபனி. ராமபத்ரன் கைத்தடியை ஊன்றிக் கூரையின் மேல் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார்.

"கட்டிடம் எங்கேம்மா?"

"அது மேலதான் நிக்கிறீங்க, சார். கீழே அஞ்சு தட்டு இருக்கு."

"ஓ, நிலவறையா? பேஷ்." படி இறங்கும் வாயை எட்டிப் பார்த்தார். "மூட்டு வலி. இறங்கினா ஏற முடியாது."

காப்பி குடித்தார். காற்றைப் புகழ்ந்தார். அந்த எட்டு மாடிக் கட்டிடம் எப்படி இருக்கிறது என்று வேலுத்தாய் கேட்டாள்.

"ஜோரா இருக்கு. லிஃப்ட் வந்துடுத்து. படிக்கட்டைப் பெருக்கறவாதான் உபயோகிக்கறா."

அவள் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டாள். மதுரைக் கிளை பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் ஜீப்பில் ஏறினார். அதற்குள் பனி விலகியிருந்தது.

"வளைவுல திரும்பிப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் காசிமாயன்.

"கேட்டு வாங்குற பார்வை எனக்கு வேண்டாம் மாமா."

ஜீப்புச் சத்தம் கீழே கீழே போனது. அந்த வளைவு வந்ததும் நின்றது. வேலுத்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவசரமாக வானத்தைப் பார்த்தான்.

"நீங்கதான சொல்லி வச்சீக?"

"எஞ்சின் சூடாயிருக்கும்."

"எறக்கத்துலயா?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அசையாமல் நின்று காது கொடுத்தாள். ஜீப்பு உடனே கிளம்பவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் மறுபடி கேட்டது.

மறுநாள் உச்சிப்பொழுதில் பால்சாமி திரும்பி வந்தான். வேலுத்தாய் கேட்கவில்லை. காசிமாயன்தான் கேட்டான்.

"என்னடா, எறங்கிப் பாத்தாரா?"

"பாத்தாருண்ணே. நான் ஒரு பீடி குடிச்சு முடிச்சேன், அதுவரைக்கும் அசையல. அந்தக் கெட்ட மூட்டோட பாறையில வேற ஏறி நின்னு பாத்தாரு. யாரப்பா கட்டுனது, பட்டணத்துல இப்படி ஒண்ணு இல்லையேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுங்கய்யான்னேன்."

"அட பாவி! இவ்வளவு நேரம் நின்ன எடந்தான்னு சொல்றதுக்கு என்னடா?"

"நீங்கதானண்ணே சொன்னீக, நிப்பாட்டு, வாயத் தெறக்காத, மதினிக்குத் தெரிஞ்சா என்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவான்னு. அத்தன வளைவு சுத்துனதுல அவருக்குத் தெசையே தெரியல. வேற ஆளு எஸ்டேட்டுன்னு நெனச்சுட்டாரு."

காசிமாயன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வேலுத்தாய் பால்சாமியிடம் வந்தாள்.

"யாரு கட்டுனதுன்னா கேட்டாரு?"

"ஆமா மதினி. ரெண்டு தடவ."

"இன்னொருக்கச் சொல்லு. எப்படிக் கேட்டாரு?"

அவன் சொன்னான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றி, ஸ்டோரின் வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஜீப்ப எடு பால்சாமி, வெரசா. சாயங்கால ரயிலப் பிடிக்கணும்."

"அவரு மதுரையில இருக்காரோ, மெட்ராசுக்குப் போய்ட்டாரோ" என்றான் காசிமாயன்.

"தெரியல மாமா."

அந்த வளைவில் பால்சாமி தானாகவே வேகத்தைக் குறைத்தான். "நிக்காத, போ" என்றாள். போடி ஸ்டேஷனில் வண்டி புறப்படத் தயாராக நின்றது. கூடவே வந்த காசிமாயன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஏதோ சொல்ல வந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னான். வண்டி நகர்ந்தது. வயல்களுக்கு அப்பால் மலை எழுந்து நின்றது. எந்த வளைவு, எந்தச் சரிவு என்று அவள் தேடினாள். அத்தனை தூரத்திலிருந்து மாடி எதுவும் தெரியவில்லை. மடியில் கிடந்த சுருளைக் காற்று அடித்துப் பிரித்தது. இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, மதுரை இருக்கிற பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.