மரி-க்ளேர் வீட்டுக் கண்ணாடிக் கூரை

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் பிறந்த மரி-க்ளேருக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம். கணவர் ஃபெர்னான் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய்; ஊர்ப்பேச்சில் சொல்தா. மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கே அவள் பெட்டி கட்டிவிடுவாள். ஜிபூத்தி, ரெயூனியன், கடைசியில் பிரான்சில் துலோன். எங்கே போகிறோம் என்று கேட்டதைவிட எத்தனை மணிக்கு என்று கேட்டதுதான் அதிகம். ஃபெர்னான் ஓய்வு பெற்றுப் புதுச்சேரி திரும்பியதும் பெட்டிகள் பரணுக்குப் போயின. அதற்கப்புறம் அவள் எங்கேயும் போகவில்லை.

துலோனில் பார்த்த மாதிரியே ஃபெர்னான் மொட்டைமாடியில் ஒரு கண்ணாடி அறை கட்டிக்கொண்டார். கூரையும் கண்ணாடிதான். உள்ளே முப்பது பூந்தொட்டி, ஒரு சாய்வு நாற்காலி, நாள் முழுக்க அவர். கதவு, ஜன்னல் சந்து வழியாக நுழையும் காற்றுக்கு 'குராந்தேர்' என்று பெயர் வைத்திருந்தார்கள் சொல்தா குடும்பங்களில். அவருக்குச் சளி பிடித்தாலும் கழுத்து பிடித்தாலும் குராந்தேர்தான் காரணம்.

2008 மழைக்குக் கூரை ஒழுகியது. லியோனில் இருக்கும் மகள் லெத்திசியாவுக்கு ஜனவரியில் தலைப்பிரசவம். மரி-க்ளேர் கிளம்பணும் என்றாள்.

"ஒழுக்கு நிக்கட்டும், அப்புறம் போ. நனைஞ்சுக்கிட்டு நான் தனியா கிடக்கவா?" என்றார் ஃபெர்னான்.

மூலக்குளத்திலிருந்து கண்ணாடி வேலைக்காரர் கலியமூர்த்தி வந்து இணைப்புகளில் சிலிக்கான் பசை பூசினார். மறுநாள் காலை நாற்காலிமேல் சொட்டு. திரும்பப் பூசினார். திரும்பச் சொட்டு. டிசம்பரில் மழை விட்டு நாலு நாளாகியும் நிற்காமல் போகவே, ஏணியில் ஏறிக் கண்ணாடியின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மதாம், மேல காய்ஞ்சு கிடக்கு. அடியிலதான் வேர்த்து ஊத்துது. இத்தனை தொட்டிக்குத் தண்ணி விடுறீங்க, ஆவி போக வழி வேணாமா? உச்சியில இருக்கிற சந்து எல்லாத்தையும் யாரு அடைச்சது?"

பழைய பனியன் துணி, அதன்மேல் பழுப்பு டேப், ஒரு சுருக்கம்கூட இல்லாமல். யார் கைவேலை என்று மரி-க்ளேர் கேட்கவேண்டியதில்லை.

"திறந்தா குராந்தேர் வராதா?" என்றார் ஃபெர்னான்.

"வந்தாத்தான் முசே காயும். இது என்ன குளிர் நாடா?"

"நீ அங்க இருந்து பாத்திருக்கியா?"

"இல்லீங்க. இங்க வேர்த்துக்கிட்டே இருந்துட்டேன்."

மரி-க்ளேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிச்சுப் போடு கலியமூர்த்தி" என்றாள். கைக்கு எட்டியதைத் தானே பிய்த்தாள்.

இரண்டு நாள் தரை உலர்ந்து கிடந்தது. அவள் கம்பளிக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஃபெர்னான் கழுத்தில் மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார்.

"க்ளேர், கழுத்தைத் திருப்ப முடியல."

"ஒழுக்கு நின்னுடுச்சே."

"காத்து வருதே. அது நிக்கட்டும், அப்புறம் போ."

அவர் கையில் புது டேப் சுருள். நுனி அகப்படாமல் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தவர், அவளிடம் நீட்டினார். வாங்கினாள். நகத்தால் சுரண்டி நுனியைக் கிளப்பி அவரிடம் கொடுத்தாள். அவர் ஸ்டூல்மேல் ஏறியதும் விழாமல் இருக்க அதைப் பிடித்துக்கொண்டாள்.

செல்போன் அடித்தது. லெத்திசியா.

"மாமோன், டிக்கெட் போட்டாச்சா?"

கண்ணாடி வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்து கண் கூசியது.

"இங்க இன்னும் மழை விடலம்மா" என்றாள்.