வடை சுற்றி வந்த என் பயோடேட்டா

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை பின்னேரம், நிந்தவூரில் எங்கள் வீட்டில் இருந்தபோது இது தொடங்கியது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கல்முனையில் எனக்கு நேர்முகப் பரீட்சை. ஒரு தனியார் நிறுவனத்தில் முகாமைத்துவ உதவியாளர் வேலை, ஒரேயொரு வெற்றிடம். வயதெல்லை இருபத்தெட்டு. எனக்கு அந்த வயது முடிய மூன்று மாதம்தான் இருந்தது. பட்டம் எடுத்த நாளிலிருந்து விண்ணப்பம் போட்டே களைத்துப்போனவள் நான். இதையும் தவறவிட்டால் இனி எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது.

கண்ணாடிக்கு முன்னால் நின்று, என்னைப் பற்றி ஆங்கிலத்தில் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் இளம் பெண். என் பெயரைச் சரியாகச் சொன்னாள்.

"திங்கக்கிழம இன்டர்வியூக்குப் போறீங்கதானே? இடம் மாத்திட்டாங்க. கல்முனையில இல்ல, அக்கரைப்பற்றுல. எனக்கு இண்டைக்குக் காலமதான் சொன்னாங்க. உங்களுக்குச் சொன்னாங்களோ தெரியாது, அதான் எடுத்தன்."

நீங்கள் யார் என்று கேட்டேன். வீரமுனையாம். அவளும் அதே வேலைக்குத்தான் போகிறாளாம். என் இலக்கம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நேத்து கல்முனையில வடை வாங்கினன். சுத்தித் தந்த பேப்பரப் பாத்தா உங்கட பயோடேட்டா. நான் கேட்ட அதே வேலைதான் மேல எழுதியிருந்திச்சி."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். வடையாம், பேப்பராம். சரி என்று சொல்லி வைத்துவிட்டு, நேரே காக்காவிடம் போனேன். காக்கா என் மூத்த சகோதரர். அவருக்கு யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

"ஒன்ன அக்கரைப்பற்றுக்கு அனுப்பிட்டா அவக்கு ஒராள் குறையும். இது வெளங்கல்லியா ஒனக்கு?"

எனக்கு ஏற்கெனவே விளங்கித்தான் இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், வீரமுனை என்ற பெயரைக் கேட்டதுமே என் மனதில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. இரண்டு ஊருக்கும் நடுவில் கிடப்பது வயல்தான். ஆனாலும் அந்த ஊர்த் தமிழ்ப் பெண் ஒருத்தி நிந்தவூர் முஸ்லிம் பெண்ணுக்கு எதற்காக நல்லது செய்யப் போகிறாள் என்ற கேள்வி எனக்கு வந்தது. அது சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிய கேள்வி.

நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதத்தில் இருந்த அலுவலக இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன். மணி அடித்ததே தவிர ஒருவரும் பேசவில்லை, சனிக்கிழமை அரைநாள் வேலைதான். உடனே, இனி அழைப்பு வராதபடி அவளுடைய இலக்கத்தை என் போனில் தடுத்துவைத்தேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு இன்னொரு புதிய இலக்கம் இரண்டு தடவை அழைத்தது. இது அவளுடைய கூட்டாளி என்று நானே முடிவுகட்டி இரண்டையும் வெட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அக்காபோல் பழகும் பக்கத்து வீட்டு ராத்தா, "எத்தின மணிக்குப் போறீங்க?" என்று அன்பாகக் கேட்டதற்குக்கூட வாய்க்கு வந்த ஒரு நேரத்தைச் சொன்னேன். அவ்வளவு தூரம் போய்விட்டது என் எச்சரிக்கை.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் காக்கா தன் மோட்டார் சைக்கிளில் என்னைக் கல்முனையில், கடிதத்தில் குறித்திருந்த மண்டபத்தின் முன்னால் இறக்கினார். வாசல் பூட்டியிருந்தது. காவலுக்கு இருந்த வாச்சர் ஐயா பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"இங்க இண்டைக்கி ஒண்டும் இல்லியே மகள். அக்கரைப்பற்றுக்கு மாத்தினதெண்டு சனிக்கிழமையே வந்து ஒட்டிட்டுப் போனாங்களே."

கேற்றில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவள் சொன்னதேதான் அதில் இருந்தது. காக்கா உடனே வண்டியைத் திருப்பினார். வந்த வழியே திரும்பி, எங்கள் ஊரையும் தாண்டி, ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஓடினோம்.

அக்கரைப்பற்றில் மண்டபத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. மேசையில் பெயர்ப்பட்டியலோடு இருந்த கிளாக்கரிடம் என் பெயரைச் சொன்னேன்.

"உங்கட பேரு முதல்லயே கூப்பிட்டாச்சி. சனிக்கிழம ராவு என்ட போன்ல இருந்து ரெண்டு தரம் கோல் எடுத்தன், நீங்க கட் பண்ணிட்டீங்க. பேர் கூப்பிடக்குள்ள வராட்டி விண்ணப்பப் பைல ஒதுக்கி வைக்கிறதுதான் இங்க முறை."

பின் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். மெலிந்த பெண், கையில் என்னுடையதைப் போலவே ஒரு பைல்.

"நான் சொன்ன ஆள் இவங்கதான் சேர்" என்றாள். போனில் கேட்ட அதே குரல்.

கிளாக்கர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ ரெண்டு தரம் வந்து கேட்டதாலதான் உங்கட பைல் இன்னும் மேசையில கிடக்கு. கடைசி ஆளாப் போங்க" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள்.

"நீங்க நம்பமாட்டீங்க எண்டு நினைச்சித்தான் எடுத்துவந்தன்."

என் பயோடேட்டாதான். வியாழக்கிழமை கல்முனையில் போட்டோக் கொப்பி எடுத்தபோது மை பரவிப்போன ஒரு தாளைக் கொமினிகேஷன் கடைக்காரர் ஒதுக்கி வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை வாங்கிக் கிழித்துப்போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கழிவுத் தாள் கட்டுக்கட்டாக வடைக்கடைக்குப் போகும் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? என் படத்தின் நெற்றியில் எண்ணெய் படர்ந்திருந்தது. அதே தாள் அவள் பெயரோடு என் கைக்கு வந்திருந்தால் நான் கசக்கி எறிந்திருப்பேன். போட்டிக்கு வருபவளுக்கு அழைப்பு எடுத்திருக்கவே மாட்டேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நேத்தும் நாலஞ்சி தரம் எடுத்தன், போகவே இல்ல" என்றாள்.

"சிக்னல் இல்ல" என்றேன்.

"ஓம், கடற்கரைப் பக்கம் அப்பிடித்தான்."

அவள் அதை அப்படியே நம்பினாள். அவள் உள்ளே போயிருந்த நேரத்தில், பைலை மறைத்துப் பிடித்துக்கொண்டு, அவளுடைய இலக்கத்தைத் தடுப்புப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. முடிவு தெரிந்த அன்று மனம் நிறைந்து வாழ்த்தினாள். இன்றைக்கும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவளிடமிருந்து வாழ்த்து வருகிறது, நானும் பொங்கலுக்கு அனுப்புகிறேன். முன்பின் தெரியாத ஒருத்தியைச் சந்தேகப்பட்டதை என்றைக்காவது சொல்லி, சிரித்து, மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் நல்லவள் என்று தெரிந்த பிறகும், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவளிடம் பொய் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.