ஏரிக்குள் விட்ட குழாய்

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மதியம் நடந்தது இது. விருத்தாசலத்தில் வாடகை கொடுத்து மாளாமல், பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி ஏரிக்கரையில் புதிதாக மனை போட்ட ஒரு நகரில் என் மகன் சின்னதாக ஒரு வீடு கட்டினான். அவன் பீங்கான் கம்பெனிக்கும் மருமகள் துணிக்கடைக்கும் பஸ் ஏறிவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான். அஞ்சாவது வரை படித்தவள். ஆம்பளைகள் எதிரில் நின்று பேசிப் பழக்கமில்லை.

அன்று காலையில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் தொட்டி நிரம்பி, லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனது. அப்புறம் பொன்னாங்கண்ணி பறிக்கலாம் என்று ஏரிக்கரைக்குப் போனேன். அதே லாரி கரையில் நிற்கிறது! குழாயை ஏரிக்குள் விட்டுக் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, எருமை கழுவிக்கொண்டிருந்த பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு எருமையைக் கரைக்கு இழுத்தாள்.

வேகமாக லாரிப் பக்கம் போனேன்.

"நிறுத்துப்பா! மாடு குடிக்கிற தண்ணி இல்லியா இது?"

டிரைவர் சிரித்தான். "எம்மேல ஏன் ஆயா பாயுற? இது ஒங்க வூட்டுதுதான். வேணும்னா திருப்பிக் கொண்டாந்து ஊத்திடவா?"

அந்தப் பெண் என்னை முறைத்தாள். "மாடி வூடு கட்டி வந்துட்டு, எங்க மாட்டுக்கு இதத்தான் குடுப்பீங்களா?"

கூசிப்போனேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் திரும்பிப் போகவும் கால் வரவில்லை.

"எங்க வூட்டுதுன்னா நான்தான் சொல்றேன், எடுடா கொழாய!" என்று கத்திவிட்டேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. எருமையை ஓட்டிவந்து லாரியின் முன்பக்கம் கட்டினாள். "கொழாய சுருட்டு, அப்புறம் அவுக்குறேன். இன்னொருக்கா இந்தப் பக்கம் வந்த, ஊரையே கூட்டியாந்துடுவேன்."

முனகிக்கொண்டே சுருட்டினார்கள். அதற்குள் பாதிக்கு மேல் ஏரியில் கலந்துவிட்டது.

ராத்திரி மகனிடம் சொன்னால், "இந்த நகருக்குச் சாக்கடையே கெடையாதும்மா, எல்லார் வூட்டுதும் அங்கதான் போவுது" என்கிறான், சாதாரணமாக!

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் நகரில் குடியிருக்கிறவர்களின் கூட்டம். படித்த ஒருவர் எழுந்து, பக்கத்து ஊர்க்காரர்கள் மாடு கழுவித்தான் ஏரி நாறுகிறது, கரையில் வேலி போடவேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். "நாறுறது மாடு இல்லீங்க. நம்ம கக்கூஸுங்க" என்றேன். வேலிப் பேச்சு அன்றைக்கு அத்தோடு நின்றது.

ஏரிக்காற்று வேணும் என்று வந்த நாமே அதில் அசிங்கத்தைக் கொட்டிவிட்டு, அந்தத் தண்ணியை நம்பிப் பிழைக்கிறவர்களை அசிங்கம் பண்ணுகிறவர்கள் என்று சொல்ல நமக்கு எப்படி நாக்கு வருகிறது என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.