கம்ப்யூட்டர் போட்ட விளக்கு

விளக்கு எரிந்தால் வீட்டுக்காரர் பெருமை, எரியாவிட்டால் வயர்மேன் தப்பு. ஏணியில் நின்று திட்டு வாங்கியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்

ரிலே மறுபடியும் 'டிக்' என்றது. ஹால் விளக்கு மறுபடியும் எரியவில்லை. திருநகரில் ஒரு மில் எஞ்சினியர் வீடு. மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு அதுவே விளக்கைப் போட வேண்டும் என்பது சாரின் ஆசை. கம்ப்யூட்டர் சொன்னதும் தானாக ஒட்டிக்கொள்ளும் சுவிட்சுதான் ரிலே. சுவர் சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் அதை வைத்திருந்தேன்.

காலையில் நான் பார்த்தால் எரிகிறது. சாயங்காலம் சார் பார்த்தால் எரியவில்லை. ஒரே வயர், ஒரே பல்பு. பத்தாம் வகுப்புக் கணக்குகூட என்னை இப்படிக் குழப்பவில்லை, அதில் பெயில் என்றாவது தெரிந்தது. என்னை வேலைக்கு வைத்திருந்த எலக்ட்ரிக் கடைக்கார அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழம அவரு ஆபீஸ் ஆளுக பாக்க வாராக. அன்னைக்கு எரியலைன்னா எழுமலை பஸ்ஸுல நீயே ஏறிக்க மாப்ள, நான் வந்து ஏத்திவிட மாட்டேன்."

எழுமலையில் அப்பாவின் கடலைக்காடு. அதற்குப் பயந்துதான் இந்த வேலைக்கே வந்தேன்.

கேசட்

கரண்ட் போனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். வந்ததும் டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு புரோகிராமை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். கால் மணி நேரம் 'கீ கீ' என்று கத்தும், டிவியில் கோடுகோடாய் ஓடும். கரண்ட்டோ தினமும் போகும். அன்றைக்கு வாசலில் நின்ற பால்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்: "என்னண்ணே, பூனைய எதும் பொட்டிக்குள்ள அடச்சுப்புட்டீகளா?"

அக்காவின் கை

சனிக்கிழமை ரிலேயைப் பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தேன். சாரின் வீட்டம்மா ஹாலைத் தாண்டி அடுப்படிக்குப் போனார். கை தானாகச் சுவருக்குப் போனது. சுவிட்சை 'டப்'பென்று அணைத்தது. மூன்று நாளாக என் உயிரை வாங்கிய கை!

"ஏன்க்கா அமத்துனீங்க?"

"எரியாத லைட்டுக்கு சுவிட்சு போட்டுக் கெடக்கு. கரண்ட் இல்லாதப்ப எவனோ போட்டுட்டு மறந்துட்டான்னு நெனச்சேன்."

"அது போட்டே கெடக்கணும்க்கா. ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் எரிய விடும்."

அக்கா இடுப்பில் கை வைத்தார். "வெளக்கப் போட்டதும் கும்புடணும்ப்பா. அந்தப் பொட்டி போட்டா, நான் அடுப்படில நின்னு எம்புட்டு நேரம் எட்டிப் பாத்துக்கிட்டே இருக்குறது?"

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை ராத்திரியே சாரிடம் சொன்னேன். ஹால் சுவிட்சையே கழற்றிவிட்டு ஓட்டையைச் சிமெண்ட் வைத்து மூடச் சொன்னார். தலையாட்டினேன். செய்யவில்லை. அக்கா மேல் இரக்கம் எல்லாம் இல்லை. கரண்ட் போய் வந்தால், கேசட் கத்தி முடிக்கும் வரை ஹால் இருட்டாகக் கிடக்கும், திட்டு எனக்கு விழும். வயரை மாற்றி, சுவிட்சு போட்டாலும் எரியும், கம்ப்யூட்டர் சொன்னாலும் எரியும் என்று ஆக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேர் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஐந்தரைக்குக் கரண்ட் போனது. ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்தது. சார் ஓடிப்போய்க் கேசட்டைப் போட்டார். கீ கீ. கோடுகோடாய் ஓடியது. எனக்கு எழுமலை பஸ் கண்ணில் தெரிந்தது.

சரியாக ஆறு மணி. ஹால் விளக்கு எரிந்தது!

எல்லாரும் கை தட்டினார்கள். "அடேயப்பா, டயத்துக்கு டான்னு போட்டுருச்சே சார்!" என்றார் ஒருவர். எல்லாருக்கும் பின்னால், சுவிட்சுப் பக்கத்தில் நின்ற அக்கா கண்ணை மூடி விளக்கைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சார் டிவியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என் காதருகே குனிந்தார்: "தம்பி, நான் இன்னும் பாதிகூட ஏத்தலையேடா?"

கழற்றி மூடச் சொன்ன அந்தச் சுவிட்சை மூடாமல் விட்டதால்தான் நான் இன்னும் ஏணியில் நிற்கிறேன், கடலைக்காட்டில் இல்லை.